பொன்முலாம் போதிசத்துவர்களைத் துலக்காதீர்கள்

பழைய உலோகப் படிமங்களைப் பாதுகாக்கும் பணியில் இருப்பதால், களிம்பேறிய சீனப் போதிசத்துவர் (புத்தநிலையை நோக்கிச் செல்பவராகப் பௌத்தர் வணங்குபவர்) உருவத்தைப் புளியோ எலுமிச்சையோ இட்டுத் துலக்கலாமா என்று சேகரிப்பாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. துலக்கவே கூடாது. பொன்னைப் பாதரசத்துடன் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கிய பின் எஞ்சும் மெல்லிய படலமே அந்த முலாம் (அந்தப் புகையைச் சுவாசித்த கைவினைஞர்களின் கதி வேறு கதை). அடியிலுள்ள செம்பு அரித்துப் பச்சைக் களிம்பாகப் பொன்னின் மேலே பொங்கி வந்திருக்கும் இடங்களில், நுண்ணோக்கியின் கீழ் பொறுமையாக அகற்றினால் பொன் தப்பலாம். தேய்த்தால் இரண்டும் சேர்ந்தே உதிரும்.

முலாமோடு போவது அழகு மட்டுமன்று, உருவத்தின் அடையாளமும்தான். கிரீடத்தில் நகக்கண் அளவே உள்ள அமிதாப புத்தர் தேய்ந்துபோனால், நிற்பவர் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் என்று எதைக்கொண்டு உறுதியாகச் சொல்வது? கையிலுள்ள கெண்டியை (நீர்க்கலத்தை) மட்டும் நம்ப முடியாது. தொடக்க காலத்தில், இனி வரவிருக்கும் புத்தரான மைத்ரேயருக்குரியதாக இருந்த அது, பின்னர் அவலோகிதேசுவரர் கைக்கும் வந்துவிட்டது. ஜப்பானின் கியோட்டோவிலுள்ள ஃபுஜீ யூரின்கான் அருங்காட்சியகத்தில், காந்தாரச் (இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதி) சாயலில் மீசையும் காலணியும் அணிகலன்களுமாக, இடக்கையில் கெண்டியுடன் நிற்கும் தொடக்க காலச் சீனப் போதிசத்துவர் மைத்ரேயராகவே கருதப்படுகிறார்.

பீடத்தையும் பாருங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் போதிசத்துவர்கள் சூழ நிற்கும் மைத்ரேயர் படிமத்தை, இறந்த மகனுக்காக ஒரு தந்தை 524-இல் செய்வித்தார் என்பது அதன் பொறிப்பால்தான் நமக்குத் தெரியும். 845-இல் சீனாவின் தாங் அரசு பௌத்தத்தை ஒடுக்கியபோது வெண்கலப் படிமங்களை உருக்கிக் காசாக்க ஆணையிட்டது. அத்தகைய அழிவுகளுக்குத் தப்பியவற்றில் ஓர் எழுத்து மழுங்குவதும் பேரிழப்பே.

வாங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ்-கதிர்ச் சோதனையில் பாதரசம் தென்பட்டதாலேயே படிமம் பழையது என்றாகிவிடாது, ஏனெனில் போலி செய்பவரும் அதே முறையில் முலாம் பூசலாம். பாதரசமே தென்படாவிட்டால், மின்சாரத்தால் பூசும் நவீன மின்முலாமாக இருக்குமோ என்று ஐயப்படுவது நியாயம். நான் முதலில் பார்ப்பது பொறிப்பின் பள்ளங்களை: பழைய வெட்டுக்குள்ளும் களிம்பு படிந்திருக்கும், ஆனால் உளி களிம்பை அறுத்துக்கொண்டு போயிருந்தால், படிமம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அந்த ஆண்டுக்குறிப்பு பின்னால் சேர்க்கப்பட்டதே.