ஈரத்தைத் தாமதிக்கும் கிரீம்: ஜப்பானியப் பழ சாண்ட்விச் உருவாகும் விதம்

ஓரம் நீக்கிய இரண்டு வெண்ணிற பிரெட் துண்டுகள், அவற்றுக்கு நடுவே அடித்த கிரீம், கிரீமுக்குள் புதைந்த முழு ஸ்ட்ராபெரிகளோ கிவித் துண்டுகளோ மாண்டரின் ஆரஞ்சுச் சுளைகளோ: ஜப்பானியர் ‘ஃபுரூட்சு சாண்டோ’ என்று அழைக்கும் பழ சாண்ட்விச்சில் இருப்பவை இவ்வளவுதான். அடுப்பு மூட்டாமலே செய்துவிடலாம் என்பதால் பலர் இதை மிக எளிய பண்டமாகக் கருதித் தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரெட் நனைந்து தொய்ந்திருக்கிறது, கிரீம் ஓரங்களில் கசிந்திருக்கிறது, கத்தியை வைத்ததும் பழம் பிதுங்கி வெளியேறுகிறது. இந்த மூன்று கோளாறுகளுக்கும் வேர் ஒன்றே: நீரின் இடப்பெயர்ச்சி. ஸ்ட்ராபெரியின் எடையில் ஏறத்தாழ 91 சதவீதம் நீர். பிரெட்டிலோ 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஈரம் மிகுந்த இடத்திலிருந்து ஈரம் குறைந்த இடத்துக்கு நீர் நகர்ந்தே தீரும். அந்த நகர்வை உண்ணும் நேரம் வரைக்கும் தாமதப்படுத்துவதே இந்தப் பண்டத்தின் மொத்த நுட்பமும் ஆகும்.

ஜப்பானில் இதைப் புகழ்பெறச் செய்தவை பேக்கரிகளைக் காட்டிலும் பழக்கடைகளே. தோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில் 1834இல் தொடங்கிய செம்பிகியா, கியோத்தோவில் 1869இல் தொடங்கிய யாவோஇசோ போன்ற பழைய பழ வணிகர்கள் தங்கள் கடைகளை ஒட்டிச் சிற்றுண்டி நிலையங்களையும் நடத்தினார்கள். உயர்ந்த ரகப் பழங்களை அழகாகப் பரிமாறுவதற்கு பிரெட்டும் கிரீமும் பொருத்தமான துணையாக அமைந்தன. வெட்டுமுகத்தில் பழத்தின் முழு வடிவமும் தெரிய வேண்டும் என்ற பிடிவாதம் இந்தப் பின்னணியோடு இயல்பாகப் பொருந்துகிறது. அந்தப் பிடிவாதத்துக்கு அழகைக் கடந்த ஒரு பயனும் உண்டு என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் கிரீமைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகின்றன. பாலில் உள்ள கொழுப்பு நுண்ணிய துளிகளாக நீரில் மிதக்கிறது. சராசரியாக ஒரு துளியின் விட்டம் 3 முதல் 4 மைக்ரோமீட்டர். ஒவ்வொரு துளியையும் புரதங்களும் பாஸ்போலிப்பிடுகளும் சேர்ந்த ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருப்பதால் துளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கிரீமை அடிக்கும்போது காற்றுக் குமிழிகள் உள்ளே நுழைகின்றன. தொடக்கத்தில் அவற்றைத் தாங்கிப் பிடிப்பவை பால் புரதங்கள். ஆனால் புரதம் மட்டும் தாங்கும் நுரை சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடிப்பது தொடரத் தொடரக் கொழுப்புத் துளிகள் குமிழிகளின் மேற்பரப்பில் வந்து படிகின்றன, ஒன்றோடொன்று மோதுகின்றன, மோதும் இடத்தில் சவ்வு கிழிகிறது.

குளிர்ச்சி ஏன் இன்றியமையாதது என்பதற்கான விடை இந்த மோதலில்தான் இருக்கிறது. பால் கொழுப்பு ஒரே வெப்பநிலையில் உருகும் பொருள் அன்று. பல வகைக் கொழுப்பு மூலக்கூறுகளின் கலவையாக இருப்பதால் 5 டிகிரி செல்சியஸ் அளவில் அதன் ஒரு பகுதி படிகமாகவும் மறு பகுதி திரவமாகவும் இருக்கும். மோதலின்போது ஒரு துளியின் ஊசி போன்ற படிகங்கள் மற்றொன்றின் சவ்வைத் துளைக்கின்றன. உள்ளிருந்து கசியும் திரவக் கொழுப்பு இரண்டையும் ஒட்டவைக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் படிகச் சட்டகம் அவை முழுவதும் கலந்து ஒரே துளியாகிவிடாமல் தடுக்கிறது. இப்படிப் பாதி ஒட்டியும் பாதி விலகியும் நிற்கும் துளிகள் சங்கிலிகளாக நீண்டு குமிழிகளைச் சுற்றி வலை பின்னுகின்றன. கிரீம் நிமிர்ந்து நிற்பது இந்த வலையால்தான். வெப்பம் கூடினால் படிகங்கள் உருகி, துளிகள் முழுவதும் ஒன்றாகிவிடும், வலை உருவாகாது. ஆகவே ஜப்பானியச் சமையலறைகளில் கிரீம் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரின்மேல் வைத்து அடிப்பது வெறும் சம்பிரதாயமன்று. மேலும், படிகங்கள் உருவாக நேரம் பிடிக்கும். சாதாரண வெப்பநிலையில் இருந்த கிரீமைச் சிறிது நேரம் உறைபெட்டியில் வைத்து எடுப்பது போதாது. முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியில் வைத்துவிட வேண்டும்.

வலை பின்னுவதற்குப் போதிய துளிகள் வேண்டும் என்பதால் கொழுப்பின் அளவும் முக்கியமாகிறது. 30 சதவீதத்துக்குக் கீழே உள்ள கிரீம் நிலையான நுரையாக எழுவது கடினம். ஜப்பானியக் கடைகளில் 35, 40, 47 எனப் பல அளவுகளில் கிரீம் கிடைக்கிறது. பழ சாண்ட்விச்சுக்கு 40 சதவீதத்துக்கு மேற்பட்டதே ஏற்றது என்பது என் துணிபு. இந்தியக் கடைகளில் ‘ஃபிரெஷ் கிரீம்’ என்ற பெயரில் கிடைக்கும் பொட்டலங்கள் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்பு கொண்டவை. அவற்றை எவ்வளவு நேரம் அடித்தாலும் பயனில்லை. ‘விப்பிங் கிரீம்’ என்று குறிக்கப்பட்டதை வாங்கி, அதன் கொழுப்பு 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தால், 200 மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை மஸ்கார்போனே சீஸ் சேர்த்து உறுதியைக் கூட்டிக்கொள்ளலாம். தாவரக் கொழுப்பால் ஆன அலங்காரக் கிரீம்கள் வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அவை நாவில் உருகும் விதம் பால் கொழுப்புக்கு ஈடாகாது, பழத்தின் மணத்தையும் மங்கச் செய்கின்றன.

சர்க்கரையை 200 மில்லிலிட்டருக்கு 16 கிராம் அளவில், அதாவது ஏறத்தாழ 8 சதவீதம் சேர்ப்பது வழக்கம். சர்க்கரை நீரோடு பிணைந்து அதன் பாகுத்தன்மையைக் கூட்டுகிறது, நுரையிலிருந்து நீர் வடிவதைச் சிறிது குறைக்கிறது. ஜப்பானியர் கிரீம் அடிபட்ட நிலையைப் பத்தில் எத்தனை பங்கு என்று அளவிடுகிறார்கள். கேக்கின் மேற்பூச்சுக்கு ஏழு பங்கு போதும். பழ சாண்ட்விச்சுக்கு எட்டைக் கடந்து ஒன்பதை நெருங்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் கிரீமின் நுனி வளையாமல் நிற்கும் நிலை அது. அதற்கு அப்பால் நொடிகள் மட்டுமே மீதம் உள்ளன. தொடர்ந்து அடித்தால் துளிகள் பெரிய கட்டிகளாகத் திரண்டு, குமிழிகள் உடைந்து, வெண்ணெயும் மோரும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். தயிர் கடையும் வீடுகளில் வெண்ணெய் திரள்வதும் இதே நிகழ்வே. மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாகத் தொடங்கும்போதே நிறுத்தி, அடிக்காத குளிர்ந்த கிரீமைச் சில கரண்டிகள் சேர்த்து மெதுவாகக் கலந்தால் மீட்டுவிடலாம். மோர் பிரிந்த பிறகு மீட்க முடியாது.

கிரீமில் கொழுப்பு நிறைந்திருப்பதால் அது பழச்சாற்றை முற்றிலும் தடுத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. வெண்ணெயில் கொழுப்பே தொடர்ச்சியான ஊடகம்; நீர் அதற்குள் தனித்தனி நுண்துளிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. எனவே வெண்ணெய்ப் பூச்சை நீர் எளிதில் கடப்பதில்லை. கிரீமிலோ நிலைமை தலைகீழ்: நீரே தொடர்ச்சியான ஊடகம், கொழுப்பு அதில் மிதக்கும் துளிகள். அடித்த பிறகும் அந்த நீர்ப்பாதை அறுந்துபோவதில்லை. குமிழிகளுக்கும் கொழுப்புத் திரள்களுக்கும் இடையே மிகக் குறுகிய, வளைந்து வளைந்து செல்லும் வழிகளாக அது சுருங்குகிறது, அவ்வளவே. பழத்தின் நீர் பிரெட்டை அடைய அந்த வழிகளில் ஊர்ந்து செல்ல வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கிறது. கிரீமைத் தளர்வாக அடித்தால் வழிகள் அகலமாக இருக்கும், புவியீர்ப்பில் நீர் கீழே வடியும்; அடிப்பக்கத்து பிரெட் மட்டும் நனைந்திருப்பது இதன் விளைவே. ஒன்பது பங்கு என்ற உறுதியை வற்புறுத்துவதும், கொழுப்பு மிகுந்த கிரீமைத் தேர்ந்தெடுப்பதும், பழத்துக்கும் பிரெட்டுக்கும் நடுவே எந்த இடத்திலும் கிரீம் மெலிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான். நீண்ட நேரம் வைத்திருக்க வேண்டுமானால், பிரெட்டின் உட்பக்கத்தில் உப்பில்லாத மென்மையான வெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிக்கொள்ளலாம்; அந்தப் பூச்சு மட்டுமே உண்மையான தடுப்பாகச் செயல்படும்.

அடுத்தது பிரெட். கிரீமுக்குக் குளிர் தேவை என்றால், பிரெட்டுக்குக் குளிர் பகை. பிரெட் வேகும்போது மாவுச்சத்தின் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கி ஒழுங்கற்ற நிலையை அடைகின்றன. ஆறிய பிறகு, அமைலோபெக்டின் என்ற கிளைத்த மூலக்கூறுகள் மெல்ல மீண்டும் அடுக்கடுக்காகப் படிகமாகின்றன. பிரெட் விறைத்து உதிர்வது அதனால்தான். இந்தப் படிகமாக்கம் அறை வெப்பநிலையைவிடக் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில் விரைவாக நடக்கிறது. பழைய பிரெட்டைச் சூடாக்கினால் படிகங்கள் கலைந்து மென்மை திரும்பும். ஆனால் கிரீம் வைத்த சாண்ட்விச்சை எப்படிச் சூடாக்குவது?

ஜப்பானின் ‘ஷோகுபான்’ பிரெட் இந்தச் சிக்கலை மாவு பிசையும்போதே எதிர்கொள்கிறது. மாவில் ஒரு பங்கை, பெரும்பாலும் ஐந்தில் ஒன்றை, அதே எடை கொதிநீரில் கலந்து பல மணி நேரம் வைத்திருந்து மீதி மாவோடு சேர்ப்பது ‘யுதானே’ என்னும் முறை. வெந்நீர் பட்ட மாவுச்சத்து முன்கூட்டியே வீங்கி மிகுதியான நீரைப் பிடித்துக்கொள்கிறது. மாவிலுள்ள நொதிகளும் அதை எளிதாக மால்ட்டோஸ் சர்க்கரையாக உடைக்கின்றன. கூடவே சர்க்கரையும் பாலும் வெண்ணெயும் சேர்வதால் இந்த பிரெட் மெல்ல இனித்து, விறைப்பதில் தாமதிக்கிறது. ஷோகுபான் கிடைக்காத ஊரில் அன்றைக்குச் சுட்ட பால் பிரெட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துண்டின் தடிமன் 12 முதல் 15 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஜப்பானில் ஒரு பிரெட்டை எட்டாகவோ பத்தாகவோ வெட்டி விற்பது இந்த அளவில்தான். இதைவிடத் தடித்தால் வாயில் பிரெட்டே மிஞ்சும்.

பழத்தைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு: நீர் வெளியேறுவது உடைந்த செல்களிலிருந்துதான். ஸ்ட்ராபெரியின் தோல் முழுமையாக இருக்கும்வரை உள்நீர் பத்திரமாக இருக்கிறது. அதை வெட்டிச் சர்க்கரை தூவினால், சவ்வூடு பரவலால் சில நிமிடங்களில் சாறு குளம்போலத் தேங்கும். எனவே காம்பை மட்டும் நீக்கி, கழுவிய நீரைத் தாளால் ஒற்றியெடுத்து, முழுப் பழத்தையே கிரீமில் புதைக்கிறார்கள். பழத்தின் பெரிய வெட்டுமுகம் பரிமாறுவதற்குச் சற்று முன்தான் உருவாகிறது. முழுவடிவம் தெரிய வேண்டும் என்ற பழக்கடைக்காரரின் பிடிவாதம் ஈரத்தையும் காக்கிறது. டப்பாவில் அடைத்த மாண்டரின் சுளைகளும் ஜப்பானில் பெரிதும் விரும்பப்படுபவை. அவற்றின் உட்தோலை நீர்த்த அமிலத்திலும் பிறகு காரத்திலும் கரைத்தே நீக்கியிருப்பார்கள் என்பதால், பாகை நன்றாக வடித்து, தாளின்மேல் பரப்பி உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். வாழைப்பழத்தின் வெட்டுமுகம் காற்றுப்பட்டுப் பழுப்பாவதைச் சில துளி எலுமிச்சைச் சாறு தாமதப்படுத்தும்.

கிவி, அன்னாசி, பப்பாளி, அத்தி ஆகியவற்றில் தனிக் கவனம் தேவை. இவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன: கிவியில் ஆக்டினிடின், அன்னாசியில் புரோமிலைன், பப்பாளியில் பப்பெய்ன், அத்தியில் ஃபிசின். கிரீமை நிலைநிறுத்த ஜெலட்டின் சேர்த்திருந்தால், ஜெலட்டினும் புரதமே என்பதால் அது கரைந்து வலுவிழக்கும். ஜெலட்டின் இல்லாவிட்டாலும் கிவியின் நொதி பால் புரதங்களைத் துண்டாக்கிக் கசப்பான சிறு பெப்டைடுகளை உண்டாக்குகிறது. கிவி வைத்த சாண்ட்விச் நேரம் செல்லச் செல்லக் கசப்பதற்கு இதுவே காரணம். வெப்பம் இந்த நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் டப்பாவில் அடைத்த அன்னாசியால் இத்தகைய தொல்லை இல்லை. பச்சைக் கிவியை விரும்புவோர் செய்த உடனே உண்பதே சிறந்தது.

அடுக்கும் முறைக்கு வருவோம். இரண்டு துண்டுகளிலும் கிரீமை ஓரம்வரை சமமாகத் தடவி, எந்தக் கோட்டில் வெட்டப் போகிறோமோ அதே கோட்டில் பெரிய பழங்களை வரிசையாக வைக்க வேண்டும். முக்கோணமாக வெட்டுவதென்றால் மூலைவிட்டத்தின்மேல், செவ்வகமாக வெட்டுவதென்றால் நடுக்கோட்டில். பழங்களுக்கு இடையே உள்ள பள்ளங்களைக் கிரீமால் நிரப்பாமல் விட்டால், காற்றறைகள் உண்டாகி வெட்டும்போது பழம் நகர்ந்துவிடும். மற்றொரு துண்டால் மூடி, நெகிழித் தாளில் இறுக்கமாகச் சுற்றி, வெட்டவேண்டிய கோட்டைத் தாளின்மேல் பேனாவால் குறித்துக்கொண்டு, குறைந்தது ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில், அடிக்கும்போது சூடேறிய கொழுப்பு மீண்டும் படிகமாகி வலை இறுகுகிறது. பிரெட்டின் நுண்துளைகளில் சிறிதளவு நீர் இறங்கிக் கிரீமோடு பிணைப்பு உண்டாகிறது. இறுக்கமான உறை, பெட்டியின் வறண்ட காற்று பிரெட்டை உலர்த்தாமல் காக்கிறது.

வெட்டும் கத்தியை வெந்நீரில் நனைத்து, முற்றிலும் துடைத்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்து வெட்ட வேண்டும். சூடான அலகு தொடும் இடத்தில் மட்டும் கொழுப்பு உருகி வழிவிடுவதால் கிரீம் கத்தியோடு ஒட்டி இழுபடுவதில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு மீண்டும் நனைத்துத் துடைக்காவிட்டால் ஒரு பழத்தின் சிவப்பு அடுத்த வெட்டுமுகத்தின் வெண்மையில் படியும். பிரெட்டின் ஓரங்களையும் இதே கட்டத்தில் நீக்கினால் நான்கு பக்கமும் நேராக வரும்.

வெட்டாமல் சுற்றி வைத்ததை அன்றைய பொழுதுக்குள் உண்டுவிட வேண்டும். மறுநாளுக்குள் நீர் பிரெட்டை எட்டியிருக்கும், மாவுச்சத்தும் விறைத்திருக்கும். உறையவைத்துச் சேமிக்கும் வழியும் இதற்குப் பொருந்தாது: உறையும்போது பழத்தின் செல்களுக்குள்ளும் அவற்றுக்கிடையேயும் உருவாகும் பனிப்படிகங்கள் செல்சுவர்களைக் கிழித்துவிடுகின்றன, உருகும்போது அவ்வளவு நீரும் ஒரே நேரத்தில் வெளியேறுகிறது.