உதடு மரத்துவிட்டது, பல் மரக்கவில்லை

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யப் போனேன். ஊசி போட்ட பத்து நிமிடத்தில் பாதி உதடு கட்டையாகிவிட்டது. பல்லைத் தொட்டதும் உயிர் போய்விட்டது. இரண்டாவது ஊசிக்கும் அதே கதை. டாக்டருக்குக் கைராசி இல்லையா, எனக்குத்தான் ஏதாவது கோளாறா?"

கைராசியைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். மேல்தாடை எலும்பு மெல்லியது. பல்லுக்குப் பக்கத்தில் ஊசி போட்டால் மருந்து ஊறி உள்ளே இறங்கிவிடும். கீழ்த்தாடையின் சுவர் தடித்தது, கடைவாய்ப் பக்கம் இன்னும் தடிப்பு. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழைவதற்கு முன்பே அதை வழிமறிக்க வேண்டும். தாடையின் பின்பகுதி காதை நோக்கி மேலேறுகிறதல்லவா, அதன் உட்புறத்தில்தான் நுழைவாயில். அங்கே மருந்து விட்டால் அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்களும் பாதி உதடும் மரத்துவிடும். 1884-85 வாக்கில் நியூயார்க்கில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் அவருடைய சகாக்களும் இதைக் கொக்கைன் கொண்டு செய்து காட்டினார்கள். தம் உடம்பிலேயே பரிசோதித்துப் பார்த்த ஹால்ஸ்டெட் அந்தப் போதைக்கு அடிமையானது தனிக் கதை.

சிக்கல் என்னவென்றால், அந்த நுழைவாயில் டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் தாடையின் முன்விளிம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே செலுத்துகிறார். நுனி எலும்பில் முட்டியதும் துளி பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மருந்தை விடுகிறார். எல்லாம் கணக்கு, அனுபவம். ஆனால் துளையின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். சிறு குழந்தைகளுக்கு அது பற்கள் கடிக்கும் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும். வளர வளர மேலே போகும். துளையின் வாசலில் லிங்குலா என்று ஒரு எலும்புத் துருத்தல் உண்டு. சிலருக்கு அது முக்கோணம், சிலருக்கு மொட்டை, சிலருக்குக் குமிழ், இன்னும் சிலருக்கு இருக்கிற இடமே தெரியாது. கோணிய தாடையைப் பிளந்து சரிசெய்யும் அறுவை மருத்துவர் எங்கே வெட்டலாம் என்று முடிவு செய்வது இதை வைத்துத்தான்.

ஆனால் நம் வாசகருக்கு உதடு மரத்துவிட்டது. அப்படியானால் ஊசி சரியான இடத்துக்கு அருகில்தான் போயிருக்கிறது. பிறகு ஏன் வலித்தது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. வீடு கட்டும்போது முதலில் சுவரை எழுப்பி, பிறகு கொத்தி, அதில் மின்குழாயைப் பதிக்கிறோம். கீழ்த்தாடை கட்டப்படுவது தலைகீழாக. கருவின் ஆறாவது வாரத்தில் தாடை எலும்பு என்று ஒன்றுமே இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக மெக்கல் குருத்தெலும்பு என்னும் மெல்லிய கோல். அதன் அருகே நரம்பு. நரம்பு இரண்டாகக் கிளைக்கும் கவட்டையில்தான் எலும்பின் முதல் துகள் படிகிறது. அது முன்னும் பின்னும் பரவி, நரம்புக்குக் கீழே ஒரு வாய்க்காலாகிறது. கரைகள் உயர்ந்து மேலே கூடி, வாய்க்கால் குழாயாகிறது. நரம்பு எலும்பைத் துளைத்துக்கொண்டு போகவே இல்லை. எலும்புதான் நரம்பைப் போர்த்திக்கொண்டது. அந்தக் குருத்தெலும்போ பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பின்முனை மட்டும் மிஞ்சி, நடுக்காதின் சுத்தி, பட்டடை எலும்புகளாகிறது. தாடைக்குப் பந்தக்கால் நட்டுவிட்டுக் காதுக்குள் குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். 1996இல் வெளியான ஓர் ஆய்வு, தொடக்கத்தில் இருப்பது ஒரு குழாயல்ல, மூன்று என்றது: வெட்டுப் பற்களுக்கு ஒன்று, பால் கடைவாய்ப் பற்களுக்கு ஒன்று, நிரந்தரக் கடைவாய்ப் பற்களுக்கு ஒன்று. பின்னர் இவை ஒன்றாகக் கூடுகின்றன. கூடாமல் நின்றுபோனால் பெரியவரான பிறகும் தாடைக்குள் இரட்டைக் குழாய். கடைவாய்க் கிளை முன்கூட்டியே பிரிந்து வேறு துளை வழியாக நுழைந்துவிட்டால், மருந்து பிரதான நரம்பைப் பிடிக்கும், உதடு மரக்கும், கிளை தப்பிவிடும். தாடையின் அடியில் ஓடும் இன்னொரு சிறு நரம்பும் சிலருக்குக் கடைவாய்ப் பல்லுக்கு உணர்ச்சியைக் கொண்டுபோகும்.

இரட்டைக் குழாய் எத்தனை பேருக்கு? சாதாரண எக்ஸ்ரேயில் தேடியவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றார்கள். முப்பரிமாண சி.டி. வந்த பிறகு ஓர் ஆய்வு சுமார் 15 சதவீதம் என்றது, இன்னொன்று 65 சதவீதம் என்றது. தாடைகள் மாறவில்லை; எவ்வளவு மெல்லிய கிளையைக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் மாறியது. ஞானப் பல்லை வெட்டி எடுக்கும் இடத்தில் இப்படி ஒரு கிளை ஓடினால் எதிர்பாராத ரத்தப்போக்கு நேரலாம். எக்ஸ்ரே காட்டவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

நம் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைகளில் பழைய தாடை எலும்புகளை வைத்துக்கொண்டு துளைகளை அளந்து கட்டுரை எழுதுபவர்களைச் சிலர் கேலி செய்வதுண்டு. எலும்பு எண்ணும் வேலையாம். அந்த எலும்புகள் பலவற்றுக்கு வயதோ பாலோ தெரியாது என்பது உண்மையான குறைதான். அதைத் தீர்க்க, உயிரோடிருப்பவர்களின் சி.டி. படங்களை முறையாகத் திரட்டப் பணம் கொடுக்க வேண்டும். மரபணு என்ற சொல் இல்லாத விண்ணப்பத்துக்குப் பணம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

வாசகருக்கு நேர்ப் பதில்: உங்களுக்குக் கோளாறு இல்லை. பல்லுக்குள் அழற்சி முற்றியிருந்தாலும் மருந்து சரியாகப் பிடிக்காது. அதுவும் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கிளைகள் பிரிவதற்கு முன்பே, மேலே தாடை மூட்டுக்கு அருகில் மருந்து விடும் முறை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் கௌ-கேட்ஸ் 1973இல் எழுதியது. பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு.

மோவாயின் பக்கவாட்டில், முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே, நரம்பு வெளியே வரும் துளைக்கு மென்டல் ஃபொராமென் என்று பெயர். லத்தீனில் மென்டம் என்றால் மோவாய்; மனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல் போனால் பல்லைத் தாங்கிய எலும்பும் கரையும். பக்கவாட்டில் இருந்த துளை மெல்ல ஈறின் உச்சிக்கே வந்துவிடும். என் அப்பத்தா புதுப் பல் செட் போட்ட நாள்முதல் இட்லியைக் கூட மெல்ல முடியாமல், மின்சாரம் அடிக்கிறது என்று வலது மோவாயைப் பிடித்துக்கொள்வார். பிடிவாதம் என்று நாங்கள் நினைத்தோம். டாக்டர் ஈறை ஒரே இடத்தில் விரலால் அழுத்தினார், அப்பத்தா துள்ளினார். செட்டின் அடிப்பக்கத்தில் அந்த இடத்தை மட்டும் துவரம்பருப்பு அளவுக்குக் குடைந்து கொடுத்தார். மறுநாள் காலை நான்கு இட்லி.