எடிட்டிங் அறையில் லைட்டைப் போடுங்கள்

சாலிகிராமத்தில் கிளினிக் வைத்திருப்பதால் சினிமாக்காரர்கள் நிறைய வருவார்கள். அதிகம் வருவது திரையில் முகம் தெரியாதவர்கள்தான். அவர்களிலும் எடிட்டர்கள் நான் கதவை மூடும் நேரத்தில் வந்து, நின்றுகொண்டே பேசுவார்கள். திரும்பப் போய் வேலையைத் தொடர வேண்டுமே!

சில மாதங்களுக்கு முன் அப்படி ஓர் உதவி எடிட்டர் வந்தார். வயது 31. "கழுத்து நரம்பு பிடிச்சிருக்கு மேடம், ஒரு ஊசி போட்டு விடுங்க. நாளைக்கு டிரெய்லர் கட் கொடுக்கணும்" என்றார். உட்கார வைத்து விசாரித்தேன். முந்தின நாள் ராத்திரி வலது கையிலிருந்து மவுஸ் நழுவியிருக்கிறது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாயைத் திறந்தால் பேச்சு குழறியிருக்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட, ஒரு டீயைக் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.

பிபி பார்த்தேன். 184/112.

கழுத்து நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டுத் திரும்பியிருக்கிறது. மினி ஸ்ட்ரோக் என்போம். தானாகச் சரியாகிவிடுவதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இதையடுத்து வரும் முதல் இரண்டு நாட்களில்தான் பெரிய பக்கவாதத்துக்கான ஆபத்து மிக அதிகம். "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி" என்றேன். "ரிலீஸ் முடியட்டும் மேடம்" என்றார். அரை மணி நேரம் பேசியும் மசியவில்லை. கடைசியில் எடிட்டர் கிஷோரின் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எதிர்த்துப் பேசவில்லை.

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கிஷோர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லெனின், வி.டி. விஜயன் இருவரிடமும் தொழில் கற்றவர். 'காதலன்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய இணை அது. 2009-ல் 'ஈரம்' மூலம் தனி எடிட்டரானார். இரண்டே ஆண்டுகளில் 'ஆடுகளம்' அவருக்குத் தேசிய விருதைக் கொடுத்தது. அந்தப் படத்தின் சேவல் சண்டையை மறுபடி பாருங்கள். சேவலிடம் "இப்படித் திரும்பு, அப்படிப் பாய்" என்று யாரும் நடிப்பு வாங்க முடியாது. கிடைத்த துண்டுகளிலிருந்து ஒரு பாய்ச்சலை, ஒரு தயக்கத்தை, சுற்றி நிற்கிறவர்களின் கண்களை எடுத்துக் கோத்து, யார் ஜெயிப்பார் என்று நம்மைப் பதற வைப்பது எடிட்டரின் மேஜை. அதே 2011-ல் வந்த 'எங்கேயும் எப்போதும்' இரண்டு காதல் கதைகளையும் ஒரு பேருந்து விபத்தையும் காலத்தில் முன்னும் பின்னும் நகர்த்திச் சொல்லும் படம். எங்கும் நமக்குக் குழப்பம் வராததற்குப் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது. பிறகு 'பரதேசி', 'காக்கா முட்டை'.

'விசாரணை' வேலையில் இருந்தபோது மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கட்டு என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். 2015 மார்ச் 6 அன்று இறந்துபோனார். வயது 36. அந்த மாதமே 'காக்கா முட்டை'க்குச் சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் 'விசாரணை' வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. 2016-ல் அதே படத்துக்காகச் சிறந்த எடிட்டருக்கான தேசிய விருது இரண்டாவது முறையாகக் கிஷோருக்கு வந்தது. வாங்க அவர் இல்லை.

அவருக்கு அப்படி ஆனதற்கு வேலைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சிகிச்சை செய்யாத ஒருவரைப் பற்றி எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லக் கூடாது. என் கவலை இன்று அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று கணக்கிட்டார்கள். ரிலீஸ் நெருங்கும்போது 55 மணி நேரத்தை நான்கே நாளில் தாண்டிவிடுகிறோம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். கூடவே சிகரெட், தூக்கமின்மை, நள்ளிரவு பரோட்டா, ஒருநாளும் பார்க்காத பிபி.

இன்னொன்றை நான் நேரில் பார்த்தேன். ஒருமுறை ஒரு நோயாளி தன் எடிட்டிங் அறைக்குக் கூட்டிப்போனார். விளக்கை அணைத்திருந்தார்கள். நான்கு பேர் இருந்தோம். நான்கு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் காதில் ஹெட்போன். அங்கே ஒருவருடைய வாய் ஒரு பக்கம் கோணினால் யார் கவனிப்பார்கள்? பேச்சு குழறினால் யார் காதில் விழும்?

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லைட்டைப் போடுங்கள். எழுந்து நடங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். யாருக்காவது சந்தேகமாக இருந்தால் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் 108-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தண்ணீரோ சோடாவோ புகட்டாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே ஆளைக் கொன்றுவிடலாம். பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், என் கிளினிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரவிலும் சிடி ஸ்கேன் இயங்கும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அந்த உதவி எடிட்டருக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது மூளையில் சின்னதாக ஒரு பாதிப்பு தெரிந்தது. கை, பேச்சு இரண்டுக்கும் சேதமில்லை. டிரெய்லரை வேறொருவர் முடித்துக் கொடுத்தார். இப்போது மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், சிகரெட்டை விட்டுவிட்டார். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார்: ஹார்டு டிஸ்க் அடுக்குக்குப் பக்கத்தில் பிபி மிஷின். கீழே, "எனக்கு 128/82 மேடம். டைரக்டர் சாருக்கும் பார்த்தோம், ரெண்டு தடவையும் 160/100 காட்டுது. எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

இன்றைக்கே கூட்டி வாங்க என்று பதில் போட்டேன்.