அர்மோரிக்கர்: 'பண்டைய பிரித்தானியர்' அல்லர்

"பண்டைய பிரித்தானியரின் கப்பற்படையைச் சீசர் முறியடித்தார்." தமிழில் வரும் ரோம வரலாற்று மொழிபெயர்ப்புகளில் இப்படி ஒரு வரியைப் பல தடவை படித்துவிட்டேன். அங்கே வந்திருக்க வேண்டிய பெயர் அர்மோரிக்கர்.

சொல்லின் பிறப்பு எளிதுதான். இன்றைய பிரான்சில் ரோமருக்கு முன்பே வழங்கிய பழைய கௌல் மொழியில் 'அரெ' என்றால் முன்னே, பக்கத்தில்; 'மோரி' என்றால் கடல். லத்தீன் 'மாரே'யும் வெல்ஷ் 'மோர்' என்பதும் இதற்கு உறவு. இன்றைய பிரான்சின் வடமேற்கு மூலையில், இப்போது பிரெத்தாஞ் (ஆங்கிலத்தில் பிரிட்டனி) எனப்படும் பகுதியில், கடலை ஒட்டி வாழ்ந்த வெனெட்டி, ஒசிஸ்மி போன்ற கௌல் குடிகளுக்கு இது பொதுப்பெயர்.

இவர்களைப் பிரித்தானியர் என்று எழுதினால் வரலாறே குழம்பிவிடுகிறது. வெனெட்டிகளின் கப்பல்களை ரோமர் வென்றது கி.மு. 56இல். கி.மு. 55இலும் 54இலும் சீசர் கடல் தாண்டிப் பிரித்தானியத் தீவுக்கே படையெடுத்துப் போனார். இரண்டு இடத்து மக்களுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிக்கிறவர் எதை எங்கே நடந்ததாக நினைப்பார்? ஈழத்து வழக்கில் பிரித்தானியா என்றாலே லண்டன் இருக்கும் நாடுதான். முன்னால் 'பண்டைய' என்று ஒட்டுவதால் இடம் மாறிவிடாது, காலம்தான் பின்னே போகும். அந்தக் காலமும் தவறு. பிரெத்தாஞ் மக்களை இன்று குறிக்கும் பிரெட்டன் என்ற பெயரையும் அவர்கள் மொழியையும் தீவிலிருந்து குடியேறியவர்கள் அங்கே கொண்டுவந்தது பெரும்பாலும் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில். சீசர் காலத்தில் அந்த மண்ணில் பிரெட்டன்களே இல்லை! பிரெஞ்சுக்காரர்கள் தீவைப் 'பெரிய பிரெத்தாஞ்' என்று அடைமொழி சேர்த்துச் சொல்லி இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் வரைபடத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்தாலே போதும், அதைக்கூடச் செய்வதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நெய்தலார்' என்பது கேட்க இனிமை. ஆனால் நெய்தல் என்றதும் திணையும் இரங்கலும் கூடவே வந்துவிடும். அந்தச் சுமையை அட்லாண்டிக் கரையில் ஓக் மரக் கப்பல் கட்டியவர்கள் மேல் ஏற்றக் கூடாது. 'பரதவர்' அதைவிடத் தவறு. அது நம் கரையில் இன்றும் வாழும் ஒரு சமூகத்தின் பெயர். இனப்பெயராக அர்மோரிக்கர் என்றே இருக்கட்டும். பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் 'கடற்புறத்தார்' என்று எழுதலாம். கடற்புறம் நம் மீனவர் வாயில் புழங்கும் சொல். 'அரெ' சொல்லும் பக்கம் என்ற பொருளும் 'புறம்' என்பதில் அப்படியே இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. பிரெட்டன் மொழியில் இன்றும் கரைப்பகுதி 'அர்வோர்', உள்நாட்டு மரக்காட்டுப் பகுதி 'அர்கோட்'. முன்னது கடற்புறம் என்றால் பின்னது காட்டுப்புறம்.