ஆற்றுக்கு எந்த நிறம்?

முக்கொம்பில் எடுத்த படத்தைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் காவிரியும் கரை மரங்களும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆற்றைப் படமெடுக்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான்.

கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அளக்கிறது. கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டும். வழக்கமான கணக்கு, சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11. நம் கண்ணுக்குப் பச்சை தூக்கலாகத் தெரிவதால் இந்தப் பங்கீடு. நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் கூட்டுத்தொகை ஒன்றாக வந்துவிட்டால் சாம்பலும் ஒன்றுதான்.

சரி, ஆற்றுக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்தது? எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம் இது. தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால், அதன்மேல் விழும் ஒளியில் 2 சதவீதம்தான் பிரதிபலித்துத் திரும்பும். மீதி உள்ளே போய்விடும். பாலத்திலிருந்து குனிந்தால் அடிமணல் தெரிவது அதனால்தான். பார்வை தாழத் தாழ நீர் கண்ணாடியாகிக்கொண்டே போகும். நீர்மட்டத்துக்கு 10 டிகிரி சாய்வில் பார்த்தால் ஏறக்குறைய 35 சதவீதம் திரும்பி வரும். ஆகவே காலடியில் மணல் நிறம், நடுவில் வானத்தின் நிறம், அக்கரை ஓரத்தில் மரங்களின் நிறம். ஒரே ஆறு, மூன்று இடத்தில் மூன்று கடன்!

இப்போது லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டரை மாட்டுங்கள். காற்று நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கிறது. அந்த நீலத்தை ஃபில்டர் தடுத்துவிடுவதால் வானம் கருக்கும். மேகத்தின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிப்பவை. அதனால் மேகம் வெள்ளையாகவே நிற்கும். அப்புறம் ஆற்றைப் பாருங்கள். நீல வானத்தைக் காட்டும் நீர் கருத்திருக்கும், பக்கத்திலேயே மேகத்தைக் காட்டும் நீர் பளிச்சென்று இருக்கும்.

கருப்பு வெள்ளை இயற்கைப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ் 1927இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது வானத்தைக் கருக்க வைத்தது இந்தச் சிவப்பு ஃபில்டர்தான். 1942இல் வயோமிங்கின் ஸ்நேக் ஆற்றை எடுத்தார். இருண்ட மரங்களுக்கு நடுவே ஆறு மட்டும் வெளிச்சமாக வளைந்து, கண்ணை டெட்டான் மலைவரை கூட்டிப்போகும். வண்ணம் இருந்திருந்தால் பார்வை சிதறியிருக்கும் என்றே நினைக்கிறேன். அமெரிக்க அரசு காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களில் ஒன்று அது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் படங்களையும் ஒலிகளையும் பதிந்து அனுப்பிய தங்கத் தட்டிலும் ஏறிப் போனது. காவிரியையும் தாமிரபரணியையும் ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து படமெடுத்துவைக்க நம் அரசும் பணம் ஒதுக்க வேண்டும். அழகுக்காக மட்டுமில்லை, மணல் எவ்வளவு போயிருக்கிறது என்று கண்கூடாகக் காட்டவும்தான்.

முக்கொம்புக்கு வருவோம். மாலைச் செம்மையை ஆறு ஏந்தியிருந்தால் வண்ணத்திலேயே விட்டுவிடுங்கள், அங்கே நிறம்தான் காட்சி. நீல வானத்தில் திட்டுத்திட்டாக மேகம் நிற்கும் பகலில் கருப்பு வெள்ளை எடுங்கள். ஃபில்டர் இல்லையென்றால், வண்ணத்தில் எடுத்துவிட்டு, மாற்றும்போது செயலியில் சிவப்பின் பங்கைக் கூட்டி நீலத்தையும் பச்சையையும் குறையுங்கள். மரமும் கருக்கும், ஆற்றில் மேகம் விழுந்த இடம் தனியே பிரிந்து தெரியும். எடுக்கும்போது கரையில் உட்கார்ந்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். காலடியில் இருந்த மணல் நிறம் மறைந்து, அங்கேயும் வானம் வந்து நிற்கும்.