கதை கேட்கும் குழந்தை வாசிக்கத் தயாராவது எப்படி?

தினமும் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினால் குழந்தை எழுத்துகளைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அப்படி நடப்பதில்லை. 2005இல் கனடா ஆய்வாளர்கள், இன்னும் பள்ளியில் சேராத சிறு குழந்தைகள் கதை கேட்கும்போது அவர்களின் பார்வை எங்கே போகிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். குழந்தைகள் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துகளின் பக்கம் அவர்கள் கண் போனது மிக அரிது.

அப்படியானால் வாசித்துக் காட்டுவதில் என்ன பயன்? நிறையவே இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில் சேர்கிறது.

வாசிப்பு என்பது இரண்டு திறன்களின் பெருக்கல் என்று 1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒன்று, எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றுவது. மற்றொன்று, அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்வது. கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதுதான் இதில் முக்கியம். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் வாசிப்பு நடக்காது. மடியில் உட்கார்ந்து கேட்கும் கதை இந்த இரண்டாவது திறனைத்தான் வளர்க்கிறது. கனடாவிலேயே சில குழந்தைகளை மூன்றாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. வீட்டில் எழுத்து சொல்லிக்கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குத் தொடக்க எழுத்தறிவில் அது உதவியது. கதைப் புத்தகங்களோடு அதிகம் பழகிய குழந்தைகளுக்குச் சொல்வளமும் கேட்டுப் புரியும் திறனும் கூடியிருந்தன. அந்தச் சொல்வளம் வாசிப்பில் கைகொடுத்தது மூன்றாம் வகுப்பில்தான். பாடம் நீண்டு, வாக்கியம் சிக்கலாகும் கட்டம் அது. முதல் வகுப்பில் பலன் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று நிறுத்திவிடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, சொல்வளம் பேச்சிலேயே வளராதா? வளரும். ஆனால் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் கண்முன் இருப்பதைப் பற்றியது: வா, உட்கார், அதை எடு. படப்புத்தகத்திலோ கடலும் குகையும் புயலும் வருகின்றன. 100 படப்புத்தகங்களை, பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. அதே அளவு பேச்சில் இருப்பதைவிடப் புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள் அதிகம் இருந்தன. அதோடு, அறையில் இல்லாத ஒன்றை வார்த்தையை மட்டும் வைத்து மனத்தில் கட்டிப் பார்க்கும் பயிற்சியும் அங்கே கிடைக்கிறது. பின்னாளில் பாடப்புத்தகம் கேட்பதும் இதையேதான்.

எப்படி வாசிக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் இருந்தார்கள். இரண்டு பிரிவுப் பெற்றோரும் கதை வாசித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும், கேள்வி கேட்டு, குழந்தையைப் பேசவைத்து, அது சொன்னதை நீட்டிச் சொல்லப் பயிற்சி தரப்பட்டது. ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிட 6 மாத வளர்ச்சிக்குக் குறையாமல் முன்னேறியிருந்தார்கள். 9 மாதம் கழித்து இடைவெளி சற்றுக் குறைந்தாலும் மறையவில்லை. குடும்பங்களின் எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் பிறகு பல இடங்களில் நடந்த ஆய்வுகளும் இந்த முறைக்குப் பலன் இருப்பதைக் காட்டின.

செய்வதற்கு இது எளிது. குழந்தை படத்தைக் காட்டி "நாய்" என்கிறது. "ஆமா, கறுப்பு நாய். மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. ஏன் ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் பலருக்கும் கடினம், பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். சின்னக் குழந்தைக்குப் பதிலைத் தேடி எடுக்கச் சில விநாடிகள் தேவை. தவறாகச் சொன்னாலும், சொல்ல முயலும்போதுதான் புதிய சொல் அதற்குச் சொந்தமாகிறது.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. புதிய சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, ஒரே கதைகளைத் திரும்பக் கேட்டவர்கள் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். கதை பழகிய பிறகு, குழந்தையின் கவனம் புரியாத சொல்லின் மேல் போக இடம் கிடைக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அப்புறம் எழுத்து. கண் தானாகப் போகாத இடத்துக்கு விரல் அதைக் கூட்டிப்போகலாம். வரி எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கமாக நகர்கிறது, குழந்தையின் பெயரில் வரும் எழுத்து இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவ்வப்போது தொட்டுக் காட்டினால் போதும். பாலர் வகுப்புகளில் ஆசிரியர்கள் இப்படிச் செய்தபோது, அந்தக் குழந்தைகளின் வாசிப்பு இரண்டு ஆண்டுகள் கழித்தும் மேம்பட்டிருந்ததை அமெரிக்க ஆய்வாளர் லாரா ஜஸ்டிஸ் குழுவினர் கண்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் இதைச் செய்தால் கதை பாடமாகிவிடும். ஒரு புத்தகத்துக்கு இரண்டு மூன்று முறை போதும் என்பது என் கருத்து.

குழந்தை தானாக வாசிக்கத் தொடங்கியதும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. ஆரம்பப் பள்ளி வயதில், தானே வாசித்துப் புரிவதைவிடக் கடினமான கதையைக் கேட்டால் அதற்குப் புரியும். எழுத்துக் கூட்டி மெல்ல வாசிக்கும் ஏழு வயதுக் குழந்தையால், பெரியவர் வாசிக்கும் நீண்ட கதையைச் சிரமமில்லாமல் பின்தொடர முடியும். அது வாசிக்கும் புத்தகம் ஒன்றாகவும், அதற்கு நாம் வாசிக்கும் புத்தகம் அதைவிடக் கடினமான இன்னொன்றாகவும் சில ஆண்டுகள் இருக்கட்டும்.