தோன்றா எழுவாய்: ‘ப்ரோ-டிராப்’ என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்

“வரவில்லை” என்று ஒரே ஒரு சொல் செய்தியாக வருகிறது. யார் வரவில்லை? அவளா, அவர்களா, பார்சலா, தூக்கமா? அதற்கு முன்னால் என்ன பேச்சு ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தவருக்கு இது முழு வாக்கியம், தெரியாதவருக்கு விடுகதை. இதை ஆங்கிலத்தில் போடச் சொன்னால் கொஞ்சம் திண்டாட வேண்டும், ஏனென்றால் அங்கே யாரையாவது எழுவாயாக முன்னால் நிறுத்திவிட்டுத்தான் வாக்கியத்தையே தொடங்க முடியும். மழை பெய்வதற்குக்கூட ‘இட்’ என்று ஒன்றை நிறுத்துகிறார்கள். எது பெய்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது, இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். (டைரியிலும் அவசரச் செய்தியிலும் ஆங்கிலக்காரர்களும் ‘நான்’ என்பதை விழுங்குவார்கள், ஆனால் பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும்.)

எழுவாயைச் சொல்லாமல் விட இடம்கொடுக்கும் மொழிகளை மொழியியலில் ‘ப்ரோ-டிராப்’ மொழிகள் என்கிறார்கள். நண்பனைக் கூப்பிடும் ப்ரோ இல்லை இது, ‘ப்ரோநவுன்’, அதாவது நான், நீ, அவன் போன்ற பிரதிப்பெயர், என்பதன் தலைப்பகுதி. எழுவாய் கட்டாயமாக வேண்டிய மொழிகளும் வேண்டாத மொழிகளும் இப்படிப் பிரிவதை மொழியியலாளர் டேவிட் பெர்ல்மட்டர் 1971இல் எழுதினார். நோம் சாம்ஸ்கி 1981இல் அதை ஒரு சுவிட்ச் மாதிரி ஆக்கினார்: குழந்தை தன் காதில் விழும் பேச்சை வைத்து, தன் மொழியில் அது ‘ஆன்’ ஆக இருக்கிறதா ‘ஆஃப்’ ஆக இருக்கிறதா என்று கண்டுகொள்கிறது என்பது சுருக்கமான கதை.

எனக்கு இந்தப் பெயரில் உறுத்துவது ‘டிராப்’தான். கையில் இருந்ததை நழுவவிடுவது அல்லவா டிராப்? “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் “சாப்பிட்டேன்” என்கிறோம். அங்கே ‘நான்’ கையில் இருந்து, அப்புறம் அதைக் கீழே போட்டோமா என்ன? எழுவாய் எப்போதும் வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மொழியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் இது விடுபட்டதாகத் தெரியும். ஆகவே ‘கைவிடல்’, ‘வீழ்த்தல்’ என்றெல்லாம் தமிழில் சொல் செய்தால் அந்தப் பார்வையும் கூடவே வந்துவிடும். செய்யவும் வேண்டாம். பள்ளிக்கூடத்து இலக்கணத்திலேயே ‘தோன்றா எழுவாய்’ இருக்கிறது. எழுவாய் இல்லை என்று அது சொல்லவில்லை, வெளியே தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால் சாம்ஸ்கியின் கோட்பாடும் இதைத்தான் சொல்கிறது: அந்த இடத்தில் ஒலி இல்லாத ஒரு பெயர் உட்கார்ந்திருக்கிறதாம். பெயரில் ‘டிராப்’ என்று வைத்துக்கொண்டு உள்ளே ‘தோன்றா’வைப் பேசுகிறார்கள்.

எழுவாய் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரிக்கலாம். எழு + வாய். வாய் என்றால் இங்கே இடம், வழி. வாக்கியம் எழும் இடம், அதாவது தொடக்கம். ‘சப்ஜெக்ட்’ நேர் எதிர்த்திசையில் போகிறது: அடியில் போடப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல் அது, அரிஸ்டாட்டில் கையாண்ட ‘ஹுபொகெய்மெனொன்’, அடியில் கிடப்பது, என்ற கிரேக்கச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாக வந்தது. அவர்களுக்கு அடியில் கிடக்கிறது, நமக்கு எழுகிறது. தொல்காப்பியம் “எழுவாய் வேற்றுமை பெயர்தோன்று நிலையே” என்கிறது. ‘தோன்று’ அங்கேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். அதே இயலில் இன்னொரு நூற்பா: “எவ்வயிற் பெயரும் வெளிப்படத் தோன்றி அவ்வியல் நிலையல் செவ்விது என்ப”. பெயர் வெளிப்படையாகத் தோன்றி நிற்பது செவ்விது, அதாவது செம்மையானது. செவ்விது என்றுதான் சொல்கிறார், கட்டாயம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, தோன்றாமல் நிற்பதும் உண்டு என்று உரைகாரர்கள் வழி திறந்துவிட்டார்கள். தோன்றாததைப் பொருளுக்காகக் கொண்டுவருவதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் ‘வருவித்தல்’. இதுவும் இன்றைக்குப் பயன்படக்கூடிய கலைச்சொல்தான்.

சரி, சில மொழிகளுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? எல்லோரும் சொல்லும் காரணம் விகுதி. போனேன் என்றால் நான், போனாய் என்றால் நீ, போனாள் என்றால் அவள். வினையே ஆளைக் காட்டிவிடுகிறது, பிறகு எழுவாய் எதற்கு? இத்தாலிய மொழியில் பார்லோ, பார்லி, பார்லா என்று மூவருக்கும் மூன்று வடிவம், அதனால் எழுவாய் வேண்டியதில்லை. பிரெஞ்சில் இந்த மூன்றும் எழுத்தில் எப்படி இருந்தாலும் வாயில் ‘பார்ல்’தான், அதனால் வேண்டியிருக்கிறது. பழைய பிரெஞ்சில் எழுவாயை விட முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும்.

நேராகவில்லை. ஜெர்மனில் நிகழ்காலத்தில் நான், நீ, அவன் மூவருக்கும் பொதுவாக வெவ்வேறு விகுதிதான், ஆனாலும் எழுவாயை அவ்வளவு லேசில் விட முடியாது. மலையாளம் ஆளைக் காட்டும் விகுதிகளை எப்போதோ உதிர்த்துவிட்டது; ஞானும் வந்நு, நீயும் வந்நு, அவளும் வந்நு. ஆனால் எழுவாயை நம்மைப் போலவே தாராளமாக விடுகிறார்கள். ஜப்பானிய மொழியில் ‘தபெதா’ என்றால் சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டார்கள் எல்லாம்தான். சீனத்திலும் வினையில் ஆள் கிடையாது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் ‘வரவில்லை’யையே எடுத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழில் வந்திலேன், வந்திலன், வந்திலர் என்று எதிர்மறையிலும் ஆள் தெரிந்தது. இன்றைக்கு நான் வரவில்லை, நீ வரவில்லை, மாடு வரவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். விகுதிதான் காரணம் என்றால், “வரவில்லை” என்று சொல்லும்போதாவது ‘நான்’ கட்டாயமாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே. போக வேண்டும், முடியாது, தெரியும் எல்லாம் இதே கதை. விகுதி உதவி செய்கிறது, சந்தேகமில்லை, ஆனால் வேலையை நடத்துவது பேச்சின் போக்கு. இப்போது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கேட்பவருக்குத் தெரிந்தால் போதும். சீனத்தை வைத்து சி. டி. ஜேம்ஸ் ஹுவாங் 1984இல் முன்வைத்ததும் கிட்டத்தட்ட இந்த வழிதான்.

இரண்டுங்கெட்டான்களும் உண்டு. ஃபின்னிஷ் மொழியில் நான், நீ இரண்டையும் விடலாம், ‘அவன்’ பெரும்பாலும் வேண்டும். ஹீப்ருவில் இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் ‘நான்’ போகும், நிகழ்காலத்தில் பொதுவாக நிற்கும். ஆக, சுவிட்ச் என்பது கொஞ்சம் மிகை. மொழிகளின் கூறுகளை உலகளவில் தொகுத்த ஒரு வரைபடத்தில் மேத்யூ டிரையர் 711 மொழிகளைப் பார்த்திருக்கிறார். எழுவாய் இடத்தில் பிரதிப்பெயர் கட்டாயமாக வரும் மொழிகள் 82தான். விதிவிலக்கு யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

தமிழில் எழுவாய் தோன்றினால் அதற்கு ஒரு வேலை இருக்கும். “கடைக்குப் போகிறேன்” என்பது தகவல். “கடைக்கு நான் போகிறேன்” என்றால் நீ போக வேண்டாம் என்று அர்த்தம். மொழிபெயர்ப்புகளில் “அவன் வந்தான். அவன் உட்கார்ந்தான். அவன் தண்ணீர் குடித்தான்” என்று படிக்கும்போது மூன்று பேர் வந்துவிட்டார்களோ என்று ஒரு கணம் தோன்றுவது இதனால்தான். வந்தான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான்: ஒரே ஆள், குழப்பமில்லை.

ஒரு இடத்தில் மட்டும் ‘தோன்றா எழுவாய்’ என்ற சொல்லை நான் தயங்கித்தான் பயன்படுத்துவேன். “இருட்டிவிட்டது” என்பதற்குப் ‘பொழுது’ என்று வருவித்துக்கொள்ளலாம். “குளிர்கிறது” என்பதற்கு எதை வருவிப்பது? ‘எனக்கு’ என்று சேர்த்தாலும் அது நான்காம் வேற்றுமை, எழுவாய் ஆகாது. தோன்றாமல் எதுவும் அங்கே ஒளிந்திருப்பதாகத் தெரியவில்லை. அதை எழுவாயில்லா வாக்கியம் என்று தனியாக வைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.